ஸ்னோமொபைலும் கல்வராயன்மலை டோலியும்



இந்த வருஷம் போகிக்கு எங்கள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கவில்லை. டப்பா பெயிண்ட்தான். சிறுவயதில் மார்கழி கடைசியில் கிளிஞ்சல் சுண்ணாம்பை மண்தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். அது புகைந்து கொதித்துத் தணிந்ததும் வடிகட்டி, கொஞ்சம் நீலம் கலந்து, அப்பாவும் சித்தப்பாவும் ஏணி போட்டு அடிப்பார்கள். நாங்கள் பிள்ளைகள் தரையில் சிந்தியதைத் துடைப்போம். இப்போது ஆள் வருகிறார், ரோலரை உருட்டுகிறார், சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு போகிறார். குடும்பமாகச் சேர்ந்து வீட்டு வேலை செய்த கடைசி தடவை எப்போது என்று யோசித்தேன். அது நம் ஊரில் நடக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் தை மாதம், கனடாவில் மகள் வீட்டில். அந்த சனி, ஞாயிறு இரண்டு நாளில் ஒரு பழைய சரித்திரமும் என் கைக்கு வந்து சேர்ந்தது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு என் பிரெஞ்சுக் கதையும் தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாய்மாமா புதுச்சேரியில் இருந்ததால் என்னைச் சின்ன வயதிலேயே அங்கே அனுப்பிவிட்டார்கள். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல்தான் முடிந்தது. அதற்குப் பிறகும் பிரெஞ்சுவழிப் படிப்பு அங்கே நடந்துகொண்டுதான் இருந்தது. கணக்கு, பூகோளம், சரித்திரம் எல்லாம் நான் பிரெஞ்சில் படித்தவன். பங்குனி வெயிலில் வியர்வை தாளில் சொட்டச் சொட்ட, பனி பொழிவதைப் பற்றி டிக்டேஷன் எழுதியிருக்கிறேன். 'நேஜ்' என்றால் பனி. வகுப்பில் ஒருவரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. சங்கராபுரத்துக்காரனுக்குப் பனி என்றால் மார்கழியில் மப்ளர் கட்டவைப்பது, அவ்வளவுதான். பிறகு தமிழ்நாடு அரசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. முப்பது வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்ததில் அந்தப் பிரெஞ்சு ஒரே ஒரு கோப்புக்குக்கூட உதவவில்லை.

உதவியது எழுபது வயதுக்கு மேல், கியூபெக் மாகாணத்தில். மகள் குடும்பம் இருப்பது ஷெர்ப்ரூக் என்ற ஊர். மான்ட்ரியலுக்குக் கிழக்கே இரண்டு மணி நேரக் கார் பயணம். அங்கே கடைத்தெருவிலும் பேருந்திலும் பிரெஞ்சுதான். மருமகன் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டிருந்தார். நான் போய் இறங்கியதும் வீட்டின் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டேன். ஆனால் அவர்கள் பிரெஞ்சு வேறு, நான் படித்த பிரெஞ்சு வேறு. பக்கத்து வீட்டுப் பெரியவர், எண்பதைத் தாண்டியவர், எங்களை 'தினே'க்கு அழைத்தார். புதுச்சேரிப் பள்ளியில் 'தினே' என்றால் இராச்சாப்பாடு. நாங்கள் ஏழு மணிக்குப் போய் நின்றோம். கியூபெக்கில் அது மத்தியானச் சாப்பாடாம். மனுஷர் பன்னிரண்டு மணியிலிருந்து காத்திருந்திருக்கிறார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

சனிக்கிழமை காலையில் வீட்டு வேலை ஆரம்பித்தது. மகள் வாங்கியது பழைய மரவீடு. நிலவறைச் சுவர் ஒன்றில் குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே மைனஸ் 22 டிகிரி. "ஆள் வைத்துச் செய்தால் கட்டுப்படியாகாது மாமா, நாமே செய்துவிடலாம்" என்றார் மருமகன். அவரும் மகளும் பலகையைப் பிரித்தார்கள். பேரன் ஆணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டான். நான் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். மாமனாருக்குக் கொடுக்கக்கூடிய கௌரவமான வேலை அதுதான். என் மனைவி மேலே ரசம் வைத்துக்கொண்டிருந்தாள்.

வேலையின் சூட்சுமம் எளிமையானது. சுவருக்குள் மரச்சட்டங்களுக்கு இடையே கண்ணாடி இழைப் பஞ்சைத் திணிக்கிறார்கள். அந்தப் பஞ்சுக்குள் அகப்பட்டு நகராமல் நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. அதன்மேல், வீட்டின் உள்பக்கமாக, பிளாஸ்டிக் தாள் ஒன்றை இடைவெளி இல்லாமல் ஒட்டுகிறார்கள். எதற்கு அந்தத் தாள் என்று கேட்டேன். "மேலே அத்தை வைக்கிற ரசத்தின் ஆவிக்குத்தான்" என்றார் மாப்பிள்ளை. சமையல் ஆவியும் மூச்சுக்காற்றின் ஈரமும் சுவருக்குள் புகுந்தால், குளிர்ந்த இடத்தில் தண்ணீராக மாறி மரத்தை உளுத்துப்போகச் செய்துவிடுமாம். நம் ஊரில் உத்திரக்கட்டை வைத்துச் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசி மாடி போட்டது, வெயில் உள்ளே இறங்கக்கூடாது என்று. அங்கே வெப்பம் வெளியே போகக்கூடாது என்று இவ்வளவு பாடு.

அந்தச் சுவரைப் பிரித்தபோது உள்ளே பஞ்சு இல்லை. கட்டுக்கட்டாகப் பழைய பிரெஞ்சுச் செய்தித்தாள்கள் இருந்தன. அந்தக் காலத்தில் காற்று புகாமலிருக்க ஏழைக் குடும்பங்கள் அப்படித்தான் அடைத்து வைத்தார்களாம். பாதி எலி தின்றது. மீதி 1940-களைச் சேர்ந்தது. மருமகன் அள்ளிக் குப்பைப் பைக்குள் போடப் போனார். முப்பது வருஷம் பழைய காகிதத்தோடு வாழ்ந்தவனுக்கு மனசு கேட்குமா? ஒரு தாளை விரித்தேன். முட்டை விலை, மரண அறிவிப்பு, ஒரு விளம்பரப் படம். படத்தில் வண்டு மாதிரி உடம்போடு ஒரு வண்டி. பக்கவாட்டில் கப்பல் ஜன்னல் போல வட்ட ஜன்னல்கள். முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டைகள்.

சாயங்காலம் அதைப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ஓத்தோநேஜ்! நான் பள்ளிக்கூடம் போனது இதில்தான்" என்றார். பனி வண்டி என்று அர்த்தம். குளிர்காலத்தில் டாக்டர் வந்ததும் பாதிரியார் வந்ததும் தபால் வந்ததும் அதில்தானாம். "நாளைக்குக் குடும்பத்தோடு வல்கூருக்குப் போங்கள். இது பிறந்த ஊர் அது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வல்கூருக்குப் போனோம். முதலில் பேரனின் ஆசைப்படி ஸ்னோமொபைல் சவாரி. வாடகைக்குக் கிடைக்கிறது. தலைக்கவசம், முழங்கால் வரை பூட்ஸ், பொம்மை மாதிரி உப்பிய உடுப்பு எல்லாம் அவர்களே கொடுத்தார்கள். பார்ப்பதற்கு மோட்டார் சைக்கிள் மாதிரிதான். முன்சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டை, பின்சக்கரத்துக்குப் பதில் சுழலும் ரப்பர் பட்டை. வலது கட்டை விரலால் அழுத்தினால் ஓடும், இடது கையால் பிடித்தால் நிற்கும். கியர் கிடையாது. கைப்பிடிக்குள் சூடு வருகிறது. கியூபெக்கில் இதற்கென்றே 30,000 கிலோமீட்டருக்கு மேல் பாதை இருக்கிறது. விவசாயிகள் தங்கள் நிலத்தின் வழியே பாதை விட்டுக்கொடுக்கிறார்கள். சங்க உறுப்பினர்கள் பனியை மட்டம் செய்து வைக்கிறார்கள். பாதை குறுக்கிடும் இடத்தில் சிவப்புப் பலகையில் 'ஆரே', அதாவது நில் என்று எழுதியிருக்கிறது. மருமகன் ஓட்ட, பேரன் பின்னால் உட்கார்ந்தான். மகள் ஓட்ட, நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். சைக்கிள் கேரியரில் அவளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனது ஞாபகம் வந்தது. "இந்த வயசில் உங்களுக்கு இது தேவையா?" என்று கேட்டுவிட்டு என் மனைவி கடையிலேயே காபியோடு உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மணி நேரச் சவாரி. மேப்பிள் மரங்களுக்கு நடுவே, உறைந்த ஓடையைத் தாண்டி. சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அந்த ஊர் மியூசியத்துக்குப் போனோம். அங்கேதான் இந்த விளையாட்டு வண்டியின் பூர்வீகம் தெரிந்தது.

ஜோசப்-ஆர்மான் பொம்பார்தியே 1907-ல் வல்கூரில் பிறந்தவர். நாம் பம்பார்டியர் என்று படிக்கிற பெயர்தான். டெல்லி மெட்ரோவில் ஓடிய ரயில் பெட்டிகளில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அவர் தொடங்கிய கம்பெனி அவர் காலத்துக்குப் பிறகு ரயிலும் விமானமும் செய்யும் அளவுக்கு வளர்ந்தது. பையனாக இருக்கும்போதே கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்துப் பார்ப்பாராம். தொந்தரவு தாங்காமல் அப்பா ஒரு பழைய ஃபோர்டு மாடல் டி கார் என்ஜினைக் கொடுத்தார். பதினைந்து வயதுப் பையன் அதைப் பனிச்சறுக்கு வண்டியில் பொருத்தி, பின்னால் விமான விசிறி மாதிரி ஒன்றை மாட்டி, 1922 டிசம்பர் 31-ஆம் தேதி தம்பியோடு ஊருக்குள் ஓட்டிவிட்டான். யார் கையையாவது அந்த விசிறி வெட்டிவிடும் என்று பயந்து, அன்றைக்கே அதைப் பிரிக்கச் சொல்லிவிட்டார் அப்பா.

பையன் விடவில்லை. பத்தொன்பது வயதில் சொந்தமாக மெக்கானிக் பட்டறை வைத்தார். அந்தக் காலத்தில் கியூபெக் கிராமங்களில் பனிக்காலம் வந்தால் சாலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும். கார்களை மரக்கட்டை மேல் நிறுத்திவிட்டுக் குதிரை பூட்டிய சறுக்கு வண்டிக்கு மாறிவிடுவார்கள். வெயில் காலத்தில் கார் பழுது பார்த்துச் சம்பாதித்ததை எல்லாம் அவர் பனியில் ஓடும் வண்டி செய்வதில் செலவழித்தார். பெரிய பனியில் சக்கரம் அமிழ்ந்துவிடும். பாரத்தை அகலமாகப் பரப்ப வேண்டும். சேற்று வயலில் பரம்புப் பலகை அமிழாமல் போவதைப் பார்த்த நம் ஆட்களுக்கு இது சொல்லாமலே புரியும். அதற்கேற்ற பட்டை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

1934 ஜனவரி. அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி வந்து, முற்றி, வயிறு முழுக்கச் சீழ் பரவிவிட்டது. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரி சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி ஷெர்ப்ரூக்கில். சாலை முழுக்கப் பனி. அவர் செய்துகொண்டிருந்த பனி வண்டி பட்டறையில் துண்டு துண்டாகப் பிரித்துக் கிடந்தது. பிள்ளை இறந்துவிட்டது.

நாங்கள் அன்று காலை ஷெர்ப்ரூக்கிலிருந்து பாட்டுக் கேட்டுக்கொண்டு, பேரன் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு வந்த தூரம் அது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அடுத்த வருஷமே அவருக்கு வழி கிடைத்தது. ரப்பர் பூசிய பல்சக்கரம், அது சுழற்றும் ரப்பரும் பருத்தியும் சேர்ந்த பட்டை. 1937 ஜூன் மாதம் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் போகும் வண்டி முதலில் வந்தது. பிறகு 1942 வாக்கில் பன்னிரண்டு பேர் போகும் வட்ட ஜன்னல் வண்டி. சுவருக்குள் நான் பார்த்த படம் அதுதான். அவை ஆம்புலன்ஸாகவும் பள்ளி வண்டியாகவும் தபால் வண்டியாகவும் ஓடின.

இதற்குப் பிறகு நடந்ததுதான் குமாஸ்தாவாகிய என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது. 1948-ல் கியூபெக் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. பெரிய சாலை மட்டுமல்ல, கிராமச் சாலைகளிலும் குளிர்காலத்தில் பனியை அகற்றியாக வேண்டும். அவ்வளவுதான். ஓத்தோநேஜ் விற்பனை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. சாலை திறந்துவிட்டால் பனி வண்டி எதற்கு? அவர் வேறு இயந்திரங்கள் பக்கம் திரும்பினார். 1959-ல் ஒருவர் இருவர் போகும் சின்ன வண்டியைக் கொண்டுவந்தார். நாய் பூட்டிய வண்டிக்குப் பதில் வடக்கே இருக்கும் வேட்டைக்காரர்களுக்கும் பாதிரிமார்களுக்கும் உதவட்டும் என்பது எண்ணம். அதற்கு 'ஸ்கி-டாக்' என்று பெயர் வைக்க நினைத்ததாகவும், எழுத்துப் பிழையால் 'ஸ்கி-டூ' ஆகிவிட்டதாகவும் சொல்கிறார்கள். ஜனங்கள் அதை விளையாட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். 1964-ல், ஐம்பத்தாறு வயதில், அவர் காலமானார்.

ஒரு தகப்பன் பிள்ளையை இழந்து வண்டி செய்தார். அதனால் சிலர் பிழைத்தார்கள். எல்லாருக்கும் வழி திறந்தது ஒரு சட்டமும் அதற்குப் பின்னால் எங்கோ நகர்ந்த கோப்புகளும்தான். அவசியம் தீர்ந்த பிறகுதான் அந்த வண்டி விளையாட்டுப் பொருளானது. மியூசியத்தில் இதை நினைத்துக்கொண்டு நின்றபோது என் மனசு கல்வராயன்மலைக்குப் போய்விட்டது.

நம் ஊரில் நின்றால் மேற்கே தெரிகிற மலைதான். தினமும் பார்ப்பதால் அதன் சரித்திரத்தை நாம் யோசிப்பதில்லை. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்களாக அந்த மலை இருந்தது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் கொடுக்கப்பட்டது என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. வெள்ளைக்காரர்கள் அதை அப்படியே விட்டுவைத்தார்கள். மலையாளி இன மக்கள் ஜாகீர்தாருக்கு வரியும் கொடுத்தார்கள், கூலியில்லாமல் உழைத்தும் கொடுத்தார்கள். நாடு 1947-ல் விடுதலை ஆயிற்று. அந்த மலை முழுமையாக அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1976-ல். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே வருஷம்தான்.

அதற்குக் கொஞ்ச காலம் கழித்து, எழுபதுகளின் கடைசியில், நான் முதன்முதலாக ஆபீஸ் கோப்போடு மலை ஏறினேன். அப்போது நாம் தென்னாற்காடு மாவட்டம், கலெக்டர் ஆபீஸ் கடலூரில். கச்சிராயப்பாளையம் வரை பஸ். கோமுகி அணை தாண்டிப் பிறகு உள் கிராமத்துக்கு ஒற்றையடிப் பாதை. கூட ஒரு தலையாரி. மார்கழி மாதம், காலைப் பனி இன்னும் விலகவில்லை.

எதிரே நான்கு பேர் டோலி தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மூங்கில் கழியில் கம்பளி கட்டி, உள்ளே ஒரு பையன். ஏழெட்டு வயது இருக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். தோள் மாற்றுவதற்காக இறக்கி வைத்தார்கள். நான் கொண்டுபோன தண்ணீரைக் கொடுத்தேன். "எவ்வளவு நேரமா நடக்கறீங்க?" என்றேன். "கோழி கூப்பிடறப்ப கெளம்பினோம் சாமி" என்றார் முன்னால் இருந்தவர். அவர்தான் தகப்பன் என்று தலையாரி பிறகு சொன்னார். ஐந்து நிமிஷம். அவர்கள் கீழே போனார்கள், நான் மேலே போனேன். என் கையில் இருந்த கோப்பு பனியில் நனையாமல் இருக்க எண்ணெய்த்துணியில் சுற்றி வைத்திருந்தேன். அதிலேயே என் கவனம். அந்தப் பையன் பெயரைக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பிழைத்தானா என்றும் விசாரிக்கவில்லை.

வல்கூரில் இறந்த பிள்ளையின் பெயர் மியூசியத்தில் இருக்கிறது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் போய்த் தெரிந்துகொள்ளலாம். நம் மலையில் நான் நேருக்கு நேர் பார்த்த பிள்ளையின் பெயர் எனக்கே தெரியாது.

மலைக்குச் சாலை ஏன் தாமதம் என்பதற்கு ஆபீஸ் பாஷையில் என்னால் பதில் சொல்ல முடியும். பெரும்பகுதி காப்புக்காடு. 1980-ல் வந்த வனப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு நிலத்தை வேறு உபயோகத்துக்குக் கொடுக்க மத்திய அரசின் அனுமதி வேண்டும். 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் ஒரு வழி திறந்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்கு, கிராமசபை பரிந்துரைத்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை விட்டுக்கொடுக்கலாம். இந்த விதியைக் கிராமசபையில் யாராவது எழுந்து வாசிக்க வேண்டும், தீர்மானம் எழுத வேண்டும், பின்னாலேயே அலைய வேண்டும். சாலை ஜல்லியில் ஆரம்பிப்பதில்லை, காகிதத்தில்தான் ஆரம்பிக்கிறது என்பது குமாஸ்தாவுக்குத் தெரியும்.

மாற்றம் இல்லை என்று சொல்லமாட்டேன். 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. கல்வராயன்மலை தனி தாலுகா ஆனது. 2022-ல் கள்ளக்குறிச்சியில் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். கடலூருக்கு ஓடிய காலம் போய்விட்டது. ஆனாலும் 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன்மலை மக்களின் வாழ்நிலையை வழக்காக எடுத்துக்கொண்டபோது, சாலையும் அதில் ஒரு கேள்வியாக இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் தாய் அந்த உடலைக் கையில் ஏந்தி மலை ஏறியதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். 1934 வல்கூருக்கும் அதற்கும் ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் இடைவெளி.

அன்று இரவு வீடு திரும்பியதும் மிச்சமிருந்த பஞ்சைத் திணித்து, பிளாஸ்டிக் தாளை ஒட்டி, பலகை அடித்து முடித்தோம். நிலவறை கதகதப்பாகிவிட்டது. பேரன் ஒரு யோசனை சொன்னான். பழைய பேப்பர் மாதிரி நாமும் ஏதாவது எழுதிச் சுவருக்குள் வைக்கலாம் தாத்தா என்றான். ஒரு வெள்ளைத்தாளில் எல்லார் பெயரையும் தேதியையும் எழுதினான். "வேற யார் பேராவது எழுதணுமா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஊருக்கு வந்த பிறகு ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறேன். நம் வாரச்சந்தைக்கு மலையிலிருந்து கடுக்காயும் தேனும் கொண்டுவரும் பெரியவர்களில், அந்தக் காலத்தில் டோலி தூக்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு டீ வாங்கிக்கொடுத்து உட்கார்ந்தால் சொல்கிறார்கள். எந்த ஊரிலிருந்து, எத்தனை மைல், யாரை, உயிரோடு கொண்டுவந்து சேர்த்தார்களா என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறேன். இதுவரை பதினோரு பேர் சொன்னது இருக்கிறது. அந்த மார்கழிப் பையனைப் பற்றி இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. நீங்களும் சந்தைக்குப் போனால் கேட்டுப் பாருங்கள்.